கரண்டு எட்டாத கோயிலுக்குப் பேட்டரியில் மின் அலங்காரம்: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோயிலுக்குப் போகிற நாள். பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்கள்கூட அன்றைக்கு ஒருநாள் குலதெய்வத்தைத் தேடி வந்துவிடுவார்கள். இந்தக் கோயில்களில் பல, ஊரைவிட்டுத் தள்ளிக் குளத்தங்கரையிலோ காட்டு ஓடை ஓரத்திலோ இருக்கும். எங்கள் சாஸ்தாவும் அப்படித்தான். கடைசி மின்கம்பத்திலிருந்து கோயிலுக்கு வண்டித்தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒரு சன்னிதி, ஒரு ஆலமரம், நான்கைந்து பீடங்கள், அவ்வளவுதான்.

பல வருடம் ஜெனரேட்டர் வைத்துத்தான் விளக்குப் போட்டோம். ஒரு வருடம் வில்லுப்பாட்டுக்கு வந்த அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மோட்டார் சத்தத்துல எங்க உடுக்கு யாருக்குக் கேக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. சாஸ்தா கதை கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் ஜெனரேட்டரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அலங்கார விளக்கு முழுவதையும் பேட்டரிக்கு மாற்ற முடிவு செய்தேன்.

முதல் முயற்சி தோற்றது. சித்தப்பாவின் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி, ஒரு இன்வெர்ட்டரை மாட்டி, கடையில் வாடகைக்கு எடுத்த சீரியல் செட் நான்கையும் ஒரு ஃபோகஸ் லைட்டையும் கொடுத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாம் அணைந்தது. கதை பாதியில் நின்றது. காலையில் டிராக்டரும் கிளம்பவில்லை. அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது ஒரு கணக்கு மட்டும்தான். அதனால் இந்த வழிகாட்டியையும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கோயிலுக்கு மட்டுமல்ல, தோப்பில் நடக்கும் விருந்துக்கும், கடற்கரை நிகழ்ச்சிக்கும், சப்பரத்துக்கும் இதே முறைதான்.

முதல் படி: எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

கடைக்குப் போகுமுன் ஒரு நாள் இருட்டின பிறகு அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். டவுனில் கடைத்தெருவுக்குப் போடுகிற விளக்கு அளவைக் காட்டுக் கோயிலுக்குப் போடத் தேவையே இல்லை. சுற்றிலும் கும்மிருட்டாக இருக்கிற இடத்தில் 5 வாட் பல்பு ஒன்று முற்றம் முழுவதையும் காட்டும். பங்குனி உத்திரத்துக்கு நிலவும் முழுதாக இருக்கும். பேட்டரி அலங்காரத்தில் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு வாட்டும் சுமக்க வேண்டிய எடையைக் குறைக்கிறது. எதை அலங்கரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் கோயிலுக்கு நான் எழுதியது இது:

சன்னிதி முகப்புக்கு 5 மீட்டர் ஸ்ட்ரிப் லைட், மீட்டருக்கு 4.8 வாட் வீதம் 24 வாட்.
நுழைவு வளைவுக்கு மூன்று எல்.இ.டி. கொண்ட மாட்யூல் 20, ஒன்றுக்கு 0.72 வாட் வீதம் 14.4 வாட்.
ஆலமரத்து விழுதுகளுக்குச் செம்புக் கம்பியில் கோத்த ஃபேரி லைட் நான்கு செட், செட்டுக்கு 2.5 வாட் வீதம் 10 வாட்.
பொங்கல் வைக்கிற இடத்துக்கும் வண்டி நிற்கிற இடத்துக்கும் 5 வாட் பல்பு இரண்டு, 10 வாட்.

மொத்தம் 58.4. கணக்குக்கு 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் இது 5 ஆம்பியர்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிர்மஞ்சள், அதாவது வார்ம் ஒயிட், வாங்குங்கள். மஞ்சள் காப்பும் குங்குமமும் அந்த வெளிச்சத்தில்தான் அழகாகத் தெரியும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சியும் அதிகம் வரும்.

இரண்டாவது படி: பேட்டரிக் கணக்கு

வாட்டை மணியால் பெருக்குங்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து விடியற்காலை நாலரை வரை 10 மணி நேரம். 60 வாட் × 10 மணி = 600 வாட்-மணி. ஒயரிலும் இணைப்புகளிலும் போகிற இழப்புக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 660.

லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் இந்த 660-ஐ இரண்டால் பெருக்க வேண்டும். அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் விறுவிறுவென்று குறையும். 1,320-ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் 110 ஆம்பியர்-மணி. அதாவது 110 ஏ.எச். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கிற 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது 50 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். 12.8 வோல்ட், 60 ஏ.எச். என்றால் 768 வாட்-மணி. அதில் 90 சதவீதம் 691. நம் தேவைக்குச் சரியாக இருக்கிறது. எடை பத்து கிலோகூட இருக்காது, ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். விலை அதிகம்தான். வருடத்துக்கு ஒரு நாளுக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அடிக்கடி இப்படி வேலை வருகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

இந்த இடத்தில் ஒரு வழி இருக்கிறது. நடுராத்திரி பூசை முடிந்ததும் மரத்து விளக்கையும் வளைவையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் எரிவது 34 வாட்தான். ஐந்தரை மணி நேரம் 60 வாட் என்றால் 330, நாலரை மணி நேரம் 34 வாட் என்றால் 153, ஆக 483. இழப்பைச் சேர்த்தால் 531. லெட் ஆசிட்டுக்கு 1,062 வாட்-மணி, அதாவது 89 ஏ.எச். இப்போது 100 ஏ.எச். பேட்டரியே போதுமானதாகிவிட்டது. ஒரே ஒரு சுவிட்ச் கூடுதலாக வைத்ததில் வந்த லாபம் இது. ஒரு டிம்மர் மாட்டினால் இன்னும் நல்லது. பாதி மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்கு வெளிச்சம் பாதியாகக் குறைந்ததாகத் தெரியாது, அதைவிடக் கூடுதலாகவே தெரியும்.

வண்டி பேட்டரியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கார், டிராக்டர் பேட்டரிகள் எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி பெரிய கரண்டு கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ராத்திரி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் சீக்கிரம் கெட்டுவிடும். வேறு வழியே இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். யு.பி.எஸ்.ஸில் வருகிற 12 வோல்ட் 7 ஏ.எச். சின்ன பேட்டரி சின்ன வேலைக்கு நல்லது. அதில் 84 வாட்-மணி இருக்கிறது, பாதி எடுத்தால் 42. ஒரு 8 வாட் அலங்காரம் ஐந்து மணி நேரம் எரியும். கொலுவுக்கும் கைவண்டிக் கடைக்கும் அது போதும்.

மூன்றாவது படி: எந்த விளக்கு?

ரேடியோ செட்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கும் சீரியல் செட்டுகள் 230 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றைப் பேட்டரியில் நேராக மாட்டினால் எரியாது. இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் தானும் கொஞ்சம் தின்னும், லோடு இல்லாமல் சும்மா ஓடும்போதும் தின்னும். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர்களில் இந்தச் செட்டுகளின் கன்ட்ரோல் பெட்டி சூடாகிப் புகைந்ததையும் பார்த்திருக்கிறேன். உள்ளே வோல்ட்டேஜைக் குறைக்கக் கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது சதுர அலையில் அளவுக்கு மேல் கரண்டு இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். பேட்டரிதானே என்று தொட்டால் வீட்டுக் கரண்டு மாதிரியே ஆளைக் கொல்லும். வீட்டில் ஷாக் அடித்தால் காப்பாற்றுகிற ஆர்.சி.சி.பி. இங்கே வேலை செய்யும் என்று நம்பவும் முடியாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் நான் இதைச் செய்யவே மாட்டேன்.

நேராக 12 வோல்ட்டில் எரிகிற விளக்குகளையே வாங்குங்கள். ஸ்ட்ரிப் லைட், போர்டு செய்கிறவர்கள் பயன்படுத்துகிற மாட்யூல், 12 வோல்ட் டி.சி. பல்பு என்று எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவில் மூன்று எல்.இ.டி. இருக்கும். பக்கத்தில் அரிசிக் குருணை அளவில் கறுப்பாக ஒன்று, அதன்மேல் பெரும்பாலும் 151 என்று எழுதியிருக்கும். 15-க்குப் பின் ஒரு பூஜ்யம் என்று பொருள், அதாவது 150 ஓம் ரெசிஸ்டர். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட் வேண்டும், மூன்றுக்கு 9.3. பேட்டரி தருகிற 12 வோல்ட்டில் மிச்சமுள்ள 2.7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குகிறது. அப்போது ஓடுகிற கரண்டு 18 மில்லி ஆம்பியர். பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே இடத்தில் 11 மில்லி ஆம்பியர்தான் ஓடும், வெளிச்சம் மங்கும். வோல்ட்டேஜ் 9.3-ஐ நெருங்கினால் விளக்கு அணைந்த மாதிரிதான். ஓடுகிற எஞ்சினோடு சேர்ந்த பேட்டரியில் 14.4 வோல்ட் இருக்கும். அதில் மாட்டினால் 34 மில்லி ஆம்பியர், ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஸ்ட்ரிப் கை வைக்க முடியாமல் சுடும், கொஞ்ச நாளில் எல்.இ.டி. கறுத்துப்போகும். வண்டியை ஓட விட்டுக்கொண்டே விளக்கெரிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தச் சின்ன ரெசிஸ்டரை மனதில் வைத்துக்கொண்டால், பேட்டரி விளக்கில் வருகிற பாதிச் சிக்கலுக்குக் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

ஸ்ட்ரிப் லைட்டில் வகை பார்த்து வாங்குங்கள். 2835, 5050 என்பவை எல்.இ.டி.யின் அளவைக் குறிக்கும் எண்கள். மீட்டருக்கு 60 எல்.இ.டி. இருந்தாலும் 2835 வகை சுமார் 4.8 வாட்தான் இழுக்கும், 5050 வகை 14.4 வாட் இழுக்கும். பேட்டரிக்கு முதல் வகை போதும். சுருளைப் பிரிக்காமல் அப்படியே எரிய விட்டுச் சோதிக்காதீர்கள், சூடு வெளியே போக முடியாமல் வெந்துவிடும்.

மரத்துக்கு ஃபேரி லைட் சொன்னேன். அவை 5 வோல்ட், யு.எஸ்.பி.யில் எரிபவை. 12 வோல்ட்டில் மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும். கார்களில் செல்போன் சார்ஜ் செய்ய மாட்டுகிற 12-லிருந்து 5 வோல்ட் கன்வெர்ட்டரை மரத்தடியில் வைத்து அதிலிருந்து கொடுங்கள். பேட்டரி பக்கத்திலேயே 5 வோல்ட்டாக மாற்றி நீள ஒயரில் கொண்டுபோகக் கூடாது, போகிற வழியிலேயே கரைந்துவிடும். பவர் பேங்கிலும் எரிக்கலாம். 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பதில் கைக்கு வருவது 30 வாட்-மணி அளவுதான். இன்னொரு தொல்லை, ஒரே ஒரு செட் மாட்டினால் கரண்டு மிகவும் குறைவாக இருக்கிறதென்று பல பவர் பேங்குகள் சார்ஜ் முடிந்ததாக நினைத்துத் தானே அணைந்துவிடும். இரண்டு மூன்று செட்டைச் சேர்த்து மாட்டினால் அணையாது.

ஓடுகிற, நிறம் மாறுகிற பிக்சல் விளக்குகள் இப்போது எல்லாக் கோயில் கொடை விழாக்களிலும் வந்துவிட்டன. ஒரு பிக்சல் முழு வெள்ளையில் 0.3 வாட் வரை இழுக்கும். நூறு பிக்சல் 30 வாட். பேட்டரியில் எரிக்க முடியும், ஆனால் சாஸ்தா கோயிலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. அசையாத வெளிச்சம்தான் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

நான்காவது படி: ஒயர்

பேட்டரி வேலையில் ஏமாறுகிற இடம் ஒயர்தான். 230 வோல்ட்டில் 3 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 3 வோல்ட் குறைந்தால் விளக்கே இல்லை.

கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து விளக்கு 20 மீட்டர் தூரம். கரண்டு போய்த் திரும்ப வேண்டும், ஆகவே ஒயர் 40 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் இதன் தடை 0.78 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 3.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்குக்குக் கிடைப்பது 8.1 வோல்ட். நம் ரெசிஸ்டர் கணக்குப்படி வோல்ட்டேஜ் குறையும்போது கரண்டும் குறைந்துவிடும், அதனால் ஸ்ட்ரிப் முழுதாக அணையாவிட்டாலும் மிகவும் மங்கலாகத்தான் எரியும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 1.6 வோல்ட், 4 சதுர மி.மீ.யில் 1 வோல்ட்.

தடிமனான ஒயர் வாங்குவதற்கு முன் இன்னொன்றைச் செய்து பாருங்கள். பேட்டரியை ஓர் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். இருபுறமும் 10 மீட்டர், ஒவ்வொரு பக்கமும் 2.5 ஆம்பியர் என்று பிரிந்துவிடும். தூரமும் பாதி, கரண்டும் பாதி, அதனால் இழப்பு நாலில் ஒன்று. அதே 1 சதுர மி.மீ. ஒயரில் இப்போது 1 வோல்ட்தான் குறைகிறது. எங்கள் கோயிலில் பேட்டரி இருப்பது ஆலமரத்துக்கும் சன்னிதிக்கும் இடையில், ஒரு பீடத்தின் பின்புறம்.

ஸ்ட்ரிப்புக்குள்ளும் இதே இழப்பு உண்டு. 5 மீட்டருக்கு மேல் ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோக்காதீர்கள். முடிந்தால் ஒரு நுனியில் கொடுப்பதற்குப் பதில் நடுவில் கொடுங்கள். முதல் விளக்கும் கடைசி விளக்கும் ஒரே மாதிரி எரியும்.

ஒயர் வாங்கும்போது நுனியைச் சீவி, ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது. சிவப்பு, கறுப்பு என்று இரட்டை நிறத்தில் வருகிற ஒயரையே வாங்குங்கள். இருட்டில் பிளஸ் எது மைனஸ் எது என்று தேட வேண்டியிருக்காது.

ஐந்தாவது படி: ஃப்யூஸ், சுவிட்ச், கட் ஆஃப்

12 வோல்ட் கையைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பலர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சின்ன 7 ஏ.எச். பேட்டரிகூட ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்து, மேலிருக்கிற பிளாஸ்டிக் எரியும். பக்கத்தில் காய்ந்த தென்னங்கீற்றுப் பந்தலும் பட்டுத் துணியும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஃப்யூஸ் இல்லாமல் ஒரு விளக்குகூட எரிய வேண்டாம்.

ஃப்யூஸை பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். கார்களில் வருகிற தட்டை ஃப்யூஸும் அதற்கான பிடிப்பானும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். மொத்த லோடு 5 ஆம்பியர் என்றால் 7.5 ஆம்பியர், பழுப்பு நிறம். பிரிந்து போகிற ஒவ்வொரு கிளைக்கும் தனியாக 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வைத்தால், மரத்தில் ஏதாவது ஷார்ட் ஆனாலும் சன்னிதி விளக்கு பெரும்பாலும் அணையாது. கையில் நான்கைந்து ஃப்யூஸ் கூடுதலாக வைத்திருங்கள். ஃப்யூஸ் போனதென்று வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிளைக்கு ஒரு சுவிட்ச் வேண்டும் என்று ஏற்கெனவே சொன்னேன். அதோடு, வோல்ட்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கிற கட் ஆஃப் மாட்யூல் ஒன்று மாட்டுங்கள். லெட் ஆசிட்டுக்கு 11.8 வோல்ட்டில் துண்டிக்கும்படி வையுங்கள். லித்தியம் பேட்டரியில் இது உள்ளேயே இருக்கும்.

ஆறாவது படி: வீட்டில் ஒரு ராத்திரி

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக எல்லாவற்றையும் வீட்டு முற்றத்தில் பரப்பி, முழு ராத்திரியும் எரிய விடுங்கள். இதைச் செய்யாமல் கோயிலுக்குக் கிளம்பவே கூடாது. பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, வோல்ட்டேஜும் கரண்டும் அளக்கிற மல்டிமீட்டரில் அளந்தால் லெட் ஆசிட்டில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். விளக்கைப் போட்டு மொத்தக் கரண்டையும் அளந்து, தாளில் எழுதிய 5 ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். விளக்கின் அட்டையில் எழுதியிருக்கிற வாட்டுக்கும் உண்மையில் இழுப்பதற்கும் சிலசமயம் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒயரின் கடைசி நுனியில் வோல்ட்டேஜ் என்ன என்றும் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் ஒயரை மாற்றுங்கள்.

பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்டரி வோல்ட்டேஜைக் குறித்து வையுங்கள். காலையில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து 12.2 அளவில் நின்றால் பாதி மிச்சமிருக்கிறது, நம் கணக்கு சரி. அதற்குக் கீழே போய்விட்டால் பேட்டரி பழையது, அதன்மேல் எழுதியிருக்கிற ஏ.எச். இப்போது அதில் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் இது சகஜம். கோயிலில் நடுராத்திரியில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது எவ்வளவோ மேல்.

ஏழாவது படி: இடத்தில் மாட்டுவது

பகலிலேயே மாட்டி முடித்துவிட வேண்டும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பருத்திக் கயிற்றால் கட்டினால் போதும், பிறகு அவிழ்ப்பதும் சுலபம். எங்கள் ஆலமரத்தின் மேல்கொப்புகளில் வௌவால்கள் இருக்கின்றன. அவை வரும் பக்கம் விளக்கே போடுவதில்லை, விழுதுகளில் ஆள் உயரம் வரைதான். பார்ப்பதற்கும் அதுவே அழகு. கீழே விழுதெல்லாம் மினுங்க, மேலே மரம் இருட்டாக நிற்கும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடுவது ஒரு ராத்திரிக்குத் தாங்கும் என்று தோன்றும். யாராவது ஒயரில் கால் தட்டினால் கழன்றுவிடும். ஸ்க்ரூ டெர்மினல் போட்டு இறுக்குங்கள், அல்லது ஈயம் வைத்து ஒட்டி அதன்மேல் ஸ்லீவ் போடுங்கள். பங்குனியில் கோடை மழை சட்டென்று வரும். ஸ்ட்ரிப் மழைத் தண்ணீரைத் தாங்குகிற ஐ.பி. 65 வகையாக இருக்கட்டும். ஒயர் ஒரு பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பேட்டரியை மரப்பலகைமேல், அசையாமல், நிமிர்த்தி வையுங்கள். கற்பூரத் தட்டும் பொங்கல் அடுப்பும் அதன் பக்கம் வரக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து, அதிலும் சார்ஜ் ஆகும்போது, ஹைட்ரஜன் வரும். அது தீப்பிடிக்கும் வாயு. முனைகளை ரப்பர் மூடியால் மூடி, மேலே ஒரு மரப்பெட்டியைக் காற்றுப் போகும்படி கவிழ்த்துவிடுங்கள். வேலை செய்யும்போது மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும். எல்லா இணைப்பும் முடிந்த பிறகு கடைசியாக ஃப்யூஸைச் சொருகுங்கள். தீப்பொறி வந்தாலும் பேட்டரி முனையிலேயே வராது.

சப்பரத்திலோ தேரிலோ போடுவதாக இருந்தால்

பேட்டரி அலங்காரம் சப்பரத்துக்கு மிகவும் பொருத்தம். ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பின்னால் ஒரு வண்டி வர வேண்டாம், சாமிமேல் 230 வோல்ட் ஒயரும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, பிள்ளைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அந்த ஆபத்து பேட்டரிக்கு மாறியதால் போய்விடாது. வீதி முழுவதையும் முந்தைய நாள் பகலில் நடந்து பார்த்து, கம்பி எங்கே தாழ்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அலங்கார உச்சியின் உயரத்தை அதற்கேற்பக் குறையுங்கள். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, ஊர்வல நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கு மாட்டுகிறவர்தான் அந்த உயரத்தை ஏற்றுகிறவர், ஆகவே அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் அவருக்குத்தான் முதலில்.

பக்கத்தில் போகிற கம்பியில் கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் அது திருட்டு. அதைவிட, கொக்கி போடுகிறவர் உயிரோடு இறங்குவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பல நாள் எரிய வேண்டுமென்றால்

ஒரே ராத்திரி என்றால் வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுபோவதே சுலபம். பத்து நாள் கொடை, அல்லது தோப்பு வீட்டில் தினமும் என்றால் சோலார் பேனல் வையுங்கள். நம் பக்கத்து வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நல்ல நாளில் 400 வாட்-மணி அளவுக்குத் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 60 வாட் அலங்காரம் தினம் ஆறு மணி நேரம் எரியும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். முதலில் பேட்டரியை அதில் இணைத்து, பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட் பேனல் என்று சொன்னாலும் லோடு இல்லாதபோது அதில் 21 வோல்ட் வரை இருக்கும், எனவே விளக்கைப் பேனலில் நேராக மாட்டாதீர்கள். பல கன்ட்ரோலர்களில் இருட்டினதும் தானே விளக்கைப் போடுகிற வசதியும் உண்டு.

விடிந்த பிறகு

முதலில் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். ஸ்ட்ரிப்பை மடக்காமல், வந்த சுருளிலேயே பெரிய வளையமாகச் சுற்றுங்கள். மடித்தால் உள்ளிருக்கிற செம்புத் தகடு விரிசல் விடும், அடுத்த வருடம் மூன்று மூன்று விளக்காக அணைந்திருக்கும். ஃபேரி லைட்டை ஒரு அட்டைத் துண்டில் சுற்றினால் சிக்கல் விழாது.

லெட் ஆசிட் பேட்டரியை அன்றைக்கே சார்ஜில் போடுங்கள். பாதி காலியான நிலையில் வாரக்கணக்கில் விட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. 100 ஏ.எச். பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். சார்ஜ் முடிந்ததும் மூடியைத் திறந்து, தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள்.

பேட்டரிமேல் ஒரு காகிதம் ஒட்டி, தேதி, எத்தனை மணி நேரம் எரிந்தது, காலையில் எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதிவிடுங்கள். என் பேட்டரிமேல் அப்படி நான்கு வரிகள் இருக்கின்றன. கடைசி வரியில் 12.1. வருகிற பங்குனிக்கு முன்னால் வேறு பேட்டரி பார்க்க வேண்டும்.